கேட்டதைப் படிக்கக் கற்பித்தவர்

பேட்டி எடுப்பது பெரிய காரியமில்லை. கைப்பேசியில் பதிவுப் பொத்தானை அழுத்தி, தயாரித்து வைத்த கேள்விகளைக் கேட்டு, நன்றி சொல்லி எழுந்து வந்துவிடலாம். உண்மையான வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் கொண்டுவந்தால் ஏறக்குறைய இருபது பக்கம் நீளும். பத்துப் பேரைச் சந்தித்திருந்தால் இருநூறு பக்கம். அந்தக் கட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு, இதிலிருந்து நாம் என்ன தெரிந்துகொண்டோம் என்று எழுத உட்காரும்போது பலருக்கும் கை நின்றுவிடுகிறது.

தொடக்கக் கல்லூரியில் திட்டப்பணி செய்பவர்கள், பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டுத் திட்டத்தில் இருப்பவர்கள், பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு எழுதுபவர்கள் எனப் பலரும் இந்த இடத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். எண்களோடு வேலை செய்தால் சராசரி, விழுக்காடு என்று பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கும். மனிதர்களின் பேச்சுக்கு என்ன சூத்திரம்? மனத்தில் ஏற்கெனவே இருக்கும் முடிவுக்குப் பொருந்தும் நான்கு வரிகளைப் பொறுக்கி எடுத்து ஒட்டிவிடுவது சுலபமான வழி. ஆனால் நமக்கு நேரம் ஒதுக்கிப் பேசியவர் வேறு ஏதோ சொல்ல வந்திருப்பார். அது இருநூறு பக்கத்துக்குள்ளேயே புதைந்துவிடும்.

இந்தச் சிக்கலிலிருந்து மாணவர்களை மீட்பதற்காகப் பல ஆண்டுகளைச் செலவிட்ட ஓர் ஆசிரியர் இருந்தார். அவர் பெயர் ஆன்செல்ம் ஸ்ட்ராஸ். அமெரிக்கச் சமூகவியலாளர். 1916ல் பிறந்து 1996ல் மறைந்தவர். சமூகவியல் படிக்கும் எனக்கு அவர் முதலில் தேர்வுக்காக நினைவில் வைத்த ஒரு பெயர் மட்டுமே. அவருடைய வாழ்க்கையைப் படித்த பிறகு அந்தப் பெயருக்குள் ஒரு நல்ல வகுப்பாசிரியர் இருப்பது தெரிந்தது. பேட்டிக் கட்டுகளோடு மல்லுக்கட்டும் மற்ற மாணவர்களுக்கும் அவரை அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

உயிரியலில் தொடங்கிய பயணம்

ஸ்ட்ராஸ் 1916 டிசம்பர் 18ஆம் தேதி நியூயார்க்கில் பிறந்தார். சமூகவியலாளராக வேண்டும் என்ற கனவோடு கல்லூரிக்குப் போனவர் அல்லர். 1939ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் அவர் பெற்ற இளநிலைப் பட்டம் உயிரியலில். அங்கே படித்த காலத்தில்தான் சமூகவியல் நூல்கள் அவரை ஈர்த்தன. அடுத்து அவர் சென்ற இடம் சிகாகோ பல்கலைக்கழகம். 1942ல் முதுநிலைப் பட்டமும் 1945ல் முனைவர் பட்டமும் பெற்றார்.

அன்றைய சிகாகோவுக்குத் தனி மரபு ஒன்று இருந்தது. அங்கு முன்பு கற்பித்த ராபர்ட் பார்க் ஒரு காலத்தில் செய்தியாளராக இருந்தவர். நூலகத்தில் மட்டும் உட்கார்ந்திராமல் நகரத்துக்குள் இறங்கி மனிதர்களைக் கவனியுங்கள் என்று மாணவர்களை அனுப்பியவர். ஸ்ட்ராஸுக்கு ஆசிரியராக வாய்த்த ஹெர்பர்ட் புளூமர் இன்னொரு முக்கியமான பாடத்தைக் கற்பித்தார். மனிதர்கள் ஒரு பொருளுக்கோ நிகழ்ச்சிக்கோ என்ன அர்த்தம் கொடுக்கிறார்களோ அதற்கேற்பவே நடந்துகொள்கிறார்கள். அந்த அர்த்தம் பிறரோடு பழகுவதில் பிறக்கிறது, பழகப் பழக மாறவும் செய்கிறது என்பது அந்தப் பாடம். ஒருவர் சொன்ன சொல்லை அகராதிப் பொருளோடு நிறுத்திவிடாமல், அவருடைய வாழ்க்கையில் அதற்கு என்ன பொருள் என்று தேடும் பழக்கம் ஸ்ட்ராஸுக்கு இங்கிருந்து வந்தது.

சில ஆண்டுகள் வேறு கல்வி நிலையங்களில் கற்பித்துவிட்டு 1952ல் அவர் சிகாகோவுக்குத் திரும்பினார். அங்கே எவரெட் ஹியூஸோடு வேலை செய்யும் வாய்ப்புக் கிடைத்தது. ஹியூஸின் சிறப்பு, யாரும் சேர்த்துப் பார்க்காதவற்றைச் சேர்த்துப் பார்ப்பது. மருத்துவரையும் அடுக்குமாடிக் கட்டடத்தின் பராமரிப்புப் பணியாளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஒருவர் நோயாளியின் உடலைப் பற்றிய இரகசியங்களை அறிந்தவர். மற்றவர் குடியிருப்பாளர்களின் குப்பையைப் பார்த்தே அவர்களுடைய இரகசியங்களை அறிந்தவர். தகுதியில் எவ்வளவோ தூரத்தில் இருக்கும் இருவருக்கும், பிறர் மறைக்க விரும்புவதைத் தெரிந்துகொண்டு வேலை செய்யவேண்டிய நிலை பொதுவானது. இப்படி ஒப்பிட்டால் இரண்டு தொழில்களுமே புதிதாகத் தெரியும். ஒப்பீடு என்ற இந்தக் கருவியை ஸ்ட்ராஸ் கடைசிவரை கைவிடவில்லை.

ஹியூஸ், ஹவர்ட் பெக்கர், பிளான்ச் கியர் ஆகியோரோடு சேர்ந்து மருத்துவ மாணவர்களைப் பற்றிய ஆய்வு நூலொன்றை 1961ல் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1958ல், சிகாகோவின் மைக்கேல் ரீஸ் மருத்துவமனையில் ஆய்வுப் பொறுப்பை ஏற்றிருந்தார். மனநல மருத்துவமனைகளில் எழுதிவைத்த விதிகள் ஒருபக்கம் இருக்க, மருத்துவர்களும் தாதியரும் உதவியாளர்களும் நோயாளிகளும் அன்றாடம் பேசிப் பேரம்பேசித்தான் வேலையை நடத்துகிறார்கள் என்று அவர் கண்டார். மருத்துவமனை அவருடைய ஆய்வுக்களம் ஆனது இப்படித்தான்.

சொல்லப்படாத செய்தி

1960ல் ஸ்ட்ராஸ் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகத்தில் இருந்த தாதிமைப் பள்ளியின் தலைவர் ஹெலன் நாம் அவரை அழைத்திருந்தார். ஆய்வு செய்வது எப்படி என்று தாதியருக்குக் கற்பிக்க ஒரு சமூகவியலாளர் தேவைப்பட்டார். நாற்பத்து மூன்று வயதில், பேர்பெற்ற சமூகவியல் துறைகளை விட்டு ஒரு தாதிமைப் பள்ளிக்குப் போவது அன்று பலருக்கு வியப்பாக இருந்திருக்கும். ஆனால் அவருடைய மிகப் பெரிய பணி அங்கேதான் நடந்தது.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி, மருத்துவமனையில் மனிதர்கள் எப்படி இறக்கிறார்கள் என்பது. அன்றைய அமெரிக்காவில் புற்றுநோய் என்ற சொல்லை நோயாளியிடம் சொல்வது அரிது. 1961ல் வெளியான ஆய்வு ஒன்றில், அதே மைக்கேல் ரீஸ் மருத்துவமனையைச் சேர்ந்த 219 மருத்துவர்களிடம் கேட்டபோது, 10 பேரில் ஏறக்குறைய 9 பேர் நோயாளியிடம் உண்மையைச் சொல்லாமலிருப்பதையே விரும்பினர். ஸ்ட்ராஸுக்கு இதில் சொந்த அனுபவமும் இருந்தது. அவருடைய தாயாரின் மரணமும் பிறகு நண்பர் ஒருவரின் மரணமும் அவரை இந்தக் கேள்வியை நோக்கித் தள்ளின. உடன் ஆய்வு செய்ய வந்த இளைஞர் பார்னி கிளேசரும் தம் தந்தையை இழந்திருந்தார். கிளேசர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எண்சார்ந்த ஆய்வுமுறைகளில் பயிற்சி பெற்றவர். குழுவில் ஜீன் குவிண்ட் என்ற தாதியும் இருந்தார்.

சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஆறு மருத்துவமனைகளில் அவர்கள் மாதக்கணக்கில் வார்டுகளில் நின்றார்கள், கவனித்தார்கள், பேசினார்கள், குறிப்பெடுத்தார்கள். குறிப்புகளைச் சேர்த்துவைத்துக் கடைசியில் மொத்தமாகப் படிப்பது அவர்களுடைய வழக்கமாக இல்லை. எடுக்க எடுக்கவே படித்தார்கள். படித்ததிலிருந்து எழும் கேள்விதான் அடுத்து எந்த வார்டுக்குப் போக வேண்டும் என்பதை முடிவுசெய்தது. முதலில் குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்கும், நினைவிழந்த நோயாளிகள் இருந்த நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவுக்கும் போனார்கள். அங்கே நோயாளிக்குத் தம் நிலை தெரியவே வாய்ப்பில்லை. அடுத்து, மரணம் விரைவாக வரும் தீவிர சிகிச்சைப் பிரிவு. பிறகு மரணம் மெதுவாக வரும் புற்றுநோய்ப் பிரிவு. ஒவ்வொன்றும் முந்தையதோடு ஒப்பிடுவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

இப்படிப் படித்ததில் அவர்களுடைய கேள்வியே கூர்மையானது. நோயாளியிடம் சொல்கிறார்களா இல்லையா என்று கேட்டால் ஆம், இல்லை என்ற விடையோடு கதை முடிந்துவிடும். யாருக்கு என்ன தெரியும், அடுத்தவருக்கு என்ன தெரியும் என்று அவர் நினைக்கிறார், அதை வைத்துக்கொண்டு இருவரும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று அவர்கள் கேட்டார்கள். அப்போது நான்கு நிலைகள் புலப்பட்டன. முதல் நிலையில் எல்லாருக்கும் தெரியும், நோயாளிக்கு மட்டும் தெரியாது. இரண்டாவதில் அவர் சந்தேகப்படுகிறார், உறுதிசெய்துகொள்ள முயல்கிறார். மூன்றாவதில் இரு தரப்புக்கும் தெரியும், ஆனால் தெரியாததுபோல் இருவருமே நடிக்கிறார்கள். நான்காவதில் எல்லாரும் வெளிப்படையாகப் பேசுகிறார்கள். 1965ல் வெளியான அவர்களுடைய நூல் இந்த நான்கையும் விளக்கியது. மருத்துவமனைக்கு அடிக்கடி போய்வரும் எந்தக் குடும்பமும் இதைப் படித்தால் மூன்றாவது நிலையில் கொஞ்ச நேரம் நின்றுவிடும்.

இந்த நான்கும் எந்தப் பாடநூலிலிருந்தும் வரவில்லை. வார்டில் எடுத்த குறிப்புகளைத் திரும்பத் திரும்பப் படித்ததில் கிடைத்தவை.

வெளியே போனதால் வீட்டில் தெரிந்தது

அந்த ஆய்வு தொடர்பான ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆசியாவில் சில மருத்துவமனைகளைப் பார்க்கப் போனபோது, இறக்கும் நிலையில் உள்ள நோயாளியைக் கவனிப்பதில் குடும்பத்தினரும் உதவுவதை ஆய்வாளர்கள் கண்டனர். நமக்கு இதில் புதுமை ஏதுமில்லை. ஆனால் அதுவரை அவர்கள் குடும்பத்தினரை இரண்டு விதமாகத்தான் பார்த்திருந்தார்கள். ஒன்று, துக்கத்தில் தளர்ந்து தாங்களே கவனிப்பு தேவைப்படும் ஆட்கள். இல்லையென்றால், வேலைக்கு இடையூறாக நிற்கும் ஆட்கள்.

ஆசியாவில் கண்டதை மனத்தில் வைத்துக்கொண்டு அமெரிக்கக் குறிப்புகளை மறுபடி புரட்டினார்கள். அங்கும் குடும்பத்தினர் கவனிப்பு வேலையில் பயன்படுத்தப்படுவது தெரிந்தது. அதில் கருத்தூன்றாமல் விட்டிருந்தார்கள் அவ்வளவுதான். இதை மறைக்காமல் தங்கள் நூலிலேயே எழுதிவைத்தார்கள்.

தேர்ந்த ஆய்வாளர்களின் குறிப்புகளிலேயே இப்படி ஒன்று மறைந்திருக்க முடியும் என்றால், முதல் முறை படித்ததும் எல்லாம் புரிந்துவிட்டது என்று யார் சொல்ல முடியும்? தரவு கையில் இருப்பது வேறு, கண்ணில் படுவது வேறு. ஒப்பிட இன்னொன்று கிடைக்கும்போதுதான் சில விஷயங்கள் கண்ணில் படும்.

இந்த முறை முழுவதையும் விளக்கி 1967ல் ஸ்ட்ராஸும் கிளேசரும் இன்னொரு நூல் எழுதினார்கள். கிரவுண்டட் தியரி என்று இன்று உலகமெங்கும் வழங்கும் ஆய்வுமுறை அதிலிருந்து பிறந்தது. கோட்பாட்டை முதலில் வைத்துக்கொண்டு அதற்குச் சான்று தேடாமல், தரவிலிருந்தே கோட்பாட்டை முளைக்கவிடுவது என்று அதைச் சுருக்கமாகச் சொல்லலாம். அந்தக் காலத்தில் பெரிய பேராசிரியர்களின் கோட்பாடுகளைச் சோதித்துச் சொல்வதே இளம் ஆய்வாளர்களின் வேலை என்ற எண்ணம் பரவலாக இருந்தது. பேராசிரியர்கள் முதலாளிகள்போலவும் மாணவர்கள் அவர்களுக்கு உழைக்கும் கூலியாட்கள்போலவும் இருப்பதாக அந்த நூல் சாடியது. மாணவர்களும் புதிதாகச் சிந்திக்கலாம், அதற்கான முறையைக் கற்றுக்கொள்ள முடியும் என்பது அதன் நம்பிக்கை.

ஒரு பக்கம், ஒரு வகுப்பு

நம்பிக்கை மட்டும் போதாது, யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். ஸ்ட்ராஸ் அதைச் செய்தார். தாதிமைப் பள்ளிக்குள்ளேயே சமூகவியல் துறை ஒன்று வளர்ந்தது. 1968ல் அங்கு முனைவர் பட்டக் கல்வி தொடங்கியது. அங்கு நடந்த பகுப்பாய்வு வகுப்புகள் விரிவுரைகளாக இருக்கவில்லை. மாணவர் ஒருவர் தம் பேட்டியிலிருந்தோ களக் குறிப்பிலிருந்தோ ஒரு பகுதியைக் கொண்டுவருவார். மற்றவர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்பார்கள். ஸ்ட்ராஸும் அவர்களில் ஒருவராக இருந்து கேட்பார். பேச்சு தடம் மாறினால் இழுத்துப் பிடிப்பார்.

1987ல் அவர் எழுதிய பாடநூலில் இத்தகைய வகுப்புகளின் பதிவுகளையே சேர்த்திருக்கிறார். மாணவர்கள் தடுமாறுவது, ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்துவது, பாதியில் கைவிடும் யோசனைகள் என எல்லாம் அதில் இருக்கின்றன. பொதுவாக ஆய்வு நூல்களில் முடிந்த சமையல்தான் பரிமாறப்படும். இவர் அடுப்படிக்கே கூட்டிப்போய்க் காட்டினார். புதியவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது அதுதான். நன்றாக எழுதப்பட்ட முடிவுகளைப் படித்து அந்த இடத்துக்கு எப்படி வந்தார்கள் என்று நாமாக ஊகிப்பது கடினம். வந்த வழியைக் காட்டினால் நடந்து பார்க்கலாம்.

அவர் கற்பித்த முறையை நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்றை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். மூத்தோரும் கைப்பேசிக் கட்டணமும் என்று ஒரு திட்டப்பணி. ஒரு பாட்டி, இதெல்லாம் பேரன்தான் செய்துகொடுக்கிறான், எனக்கு எந்தத் தொல்லையும் இல்லை என்று சொன்னதாக வைத்துக்கொள்வோம். அவசரத்தில் படிப்பவர் ஓரத்தில் தொழில்நுட்பம் தெரியாமை என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். இப்படி வரியின் பக்கத்தில் பெயர் எழுதுவதைத்தான் குறியிடல் என்கிறோம். ஆனால் அந்தப் பெயர் பாட்டியின் பேச்சிலிருந்து வந்ததா, நம் மனத்திலிருந்து வந்ததா?

ஸ்ட்ராஸின் வழியில் படித்தால் வேகம் குறையும். இங்கே என்ன நடக்கிறது? ஒரு வேலை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறுகிறது. எந்தச் சூழலில்? பேரன் அதே வீட்டில் இருப்பதாலா, வாரம் ஒருமுறை வருவதாலா? யார் யாரோடு என்ன செய்கிறார்கள்? பாட்டி கேட்டுச் செய்கிறானா, கேட்காமலேயே செய்கிறானா? விளைவு என்ன? பாட்டிக்கு நேரம் மிச்சமா, தம் பணம் எங்கே போகிறது என்பது தெரியாமல் போகிறதா? சூழல், பழகும் விதம், கையாளும் உத்தி, விளைவு என்ற இந்த நான்கையும் தேடச் சொல்லி அவர் மாணவர்களைப் பழக்கினார்.

பிறகு அந்த எந்தவும் என்ற சொல். எந்தத் தொல்லையும் இல்லை. எப்போதும், ஒருபோதும், எல்லாரும், யாருமே என்பதுபோல் முழுமையாக அடித்துச் சொல்லும் சொற்கள் வந்தால் அங்கே சிவப்புக்கொடி காட்டி நிற்க வேண்டும் என்று பின்னாளில் அவர் எழுதினார். உண்மையிலேயே ஒருபோதும் இல்லையா? பேரன் தேசிய சேவைக்குப் போனால் என்ன ஆகும்? அப்புறம் நிலைமையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கலாம். பேரனுக்கு ஏதாவது வேலையைப் பாட்டி செய்துகொடுத்தால் அதைத் தெரியாமை என்போமா, பாசம் என்போமா? இப்படித் திருப்பிப் பார்ப்பதும் அவர் கற்பித்த உத்திகளில் ஒன்று. இவ்வளவுக்கும் பிறகு அந்த வரிக்கு ஒப்படைத்தல் என்று பெயர் வைத்தால் அது வேறு இடங்களுக்கும் நம்மை அழைத்துப் போகும். வேறு எதையெல்லாம் பாட்டி ஒப்படைத்திருக்கிறார்? எதை ஒப்படைக்க மறுக்கிறார்? அடுத்த பேட்டியில் கேட்க வேண்டிய கேள்வி தானாகக் கிடைத்துவிடுகிறது.

இவற்றோடு இன்னொரு பழக்கத்தையும் அவர் வலியுறுத்தினார். ஒரு யோசனை தோன்றியதும் வேலையை நிறுத்திவிட்டு அதை எழுதிவைக்க வேண்டும். அழகாக எழுத வேண்டியதில்லை, தேதி போட்டு நமக்குப் புரியும்படி எழுதினால் போதும். மெமோ எனப்படும் இந்தக் குறிப்புகள் சேர்ந்துதான் பின்னர் ஆய்வேடாகின்றன. வெள்ளைத் தாளின் முன் உட்கார்ந்து கண்டுபிடிப்புகளை யோசிக்கும் அவதி அப்போது பெருமளவு குறையும்.

நானும் மூன்று நண்பர்களும் இந்த முறையில் ஒரு பக்கப் பேட்டியை எடுத்துப் படித்துப் பார்த்தோம். இரண்டு மணி நேரம் ஆனது, பக்கம் முடியவில்லை. எங்களில் ஒருவர் கணினி அறிவியல் படிப்பவர். சமூகவியல் சொல் எதுவும் தெரியாத அவர் கேட்ட கேள்விகள்தாம் எங்களை அதிகம் யோசிக்க வைத்தன. எல்லாப் பக்கங்களையும் இந்த வேகத்தில் படிக்க முடியாது, ஸ்ட்ராஸும் அப்படிச் சொல்லவில்லை. தொடக்கத்தில் சில பக்கங்களை இப்படிப் படித்துவிட்டால் மற்றவற்றைப் படிக்கும் கண் மாறிவிடுகிறது.

எவ்வளவு சொல்லிக்கொடுப்பது?

1990ல் ஸ்ட்ராஸ், தாதியும் ஆய்வாளருமான ஜூலியட் கோர்பினோடு சேர்ந்து புதியவர்களுக்காக ஒரு கையேடு எழுதினார். முதலில் என்ன, பிறகு என்ன என்று படிப்படியாகச் சொல்லும் நூல் அது. துறைதுறையாக மாணவர்கள் அதை வாங்கிப் படித்தார்கள்.

பழைய தோழர் கிளேசருக்கு அது பிடிக்கவில்லை. 1992ல் மறுப்பாக ஒரு நூலையே எழுதினார். இத்தனை படிகளும் கட்டங்களும் வைத்தால் மாணவர் தரவைக் கேட்பதை விட்டுவிட்டு அதைக் கட்டத்துக்குள் திணிக்கத் தொடங்கிவிடுவார், பொறுமையோடு காத்திருந்தால் கருத்து தானாக வெளிப்படும் என்பது அவர் வாதம். ஒரு நூலை ஒன்றாக எழுதிய இருவர் கால் நூற்றாண்டுக்குப் பிறகு எதிரெதிர்ப் பக்கத்தில் நின்றார்கள்.

யார் சரி என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். மாணவராக என்னுடைய நிலையைச் சொல்கிறேன். காத்திரு, தானாக வெளிப்படும் என்ற அறிவுரை ஏற்கெனவே பழகியவருக்குப் பொருந்தும். நீச்சல் தெரியாதவரிடம் தண்ணீரை நம்பு என்று சொன்னால் போதாது, பிடித்துக்கொள்ள ஏதாவது கொடுக்க வேண்டும். அதே சமயம் கிளேசரின் எச்சரிக்கையிலும் உண்மை இருக்கிறது. மிதவையைக் கட்டிக்கொண்டே இருப்பவர் நீந்தக் கற்கமாட்டார். கையேட்டின் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டதாலேயே ஆய்வு முடிந்துவிட்டது என்று நினைத்தால், திரும்பவும் பேசியவரின் குரல் புதைந்துபோகும். ஸ்ட்ராஸுமே தம் முறைகளைக் கண்மூடிப் பின்பற்ற வேண்டிய விதிகளாக வைக்கவில்லை. வேலைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் கருவிகளாகவே அவற்றை முன்வைத்தார்.

இன்று இந்த விவாதத்துக்குப் புது வடிவம் வந்திருக்கிறது. பேட்டியைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டால் சில நொடிகளில் ஐந்து தலைப்புகள் வந்துவிடும். பார்க்க நேர்த்தியாகவும் இருக்கும். ஆனால் அந்தத் தலைப்பு எந்த வரியிலிருந்து வந்தது, ஏன் அந்தச் சொல், எதிர்மாறான வரி எங்காவது இருக்கிறதா என்று கேட்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்கத் தெரியாதவர் கையில் அதுவும் ஒரு கட்டம்தான்.

விட்டுச் சென்றவர்கள்

பிற்கால ஆண்டுகளில் ஸ்ட்ராஸ் நீண்டகால நோய்களைப் பற்றி நிறைய எழுதினார். நீரிழிவு, இதயநோய் போன்றவற்றோடு வாழ்பவர்கள் மருத்துவர் சொல்வதைக் கேட்டு நடப்பவர்கள் மட்டுமல்லர். மருந்து நேரம் பார்ப்பது, உணவை மாற்றுவது, அறிகுறிகளைக் கவனிப்பது என்று அவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் வீட்டில் ஓயாமல் வேலை செய்கிறார்கள் என்று காட்டினார். அந்த வேலைக்குச் சம்பளமும் இல்லை, பெயரும் இல்லை. அவருடைய எழுத்துக்குப் பிறகு அதற்கு ஆய்வுலகில் ஒரு பெயராவது கிடைத்தது. கோர்பினோடு இதைப் பற்றி எழுதிய நூல் 1988ல் வெளிவந்தது.

1996 செப்டம்பர் 5ஆம் தேதி, தம் 79ஆம் வயதில், சான் பிரான்சிஸ்கோவில் ஸ்ட்ராஸ் காலமானார். கையேட்டின் இரண்டாம் பதிப்பு அவர் இறந்த பிறகு, 1998ல், அவர் பெயரோடு வெளிவந்தது. அவர் பணியாற்றிய வளாகத்தில் பயின்ற கேத்தி சார்மாஸ், அடேல் கிளார்க் போன்றோர் பின்னாளில் அவருடைய முறையைத் தங்கள் வழியில் மாற்றியமைத்துப் புகழ்பெற்றார்கள். அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தவர்களாக அவர்கள் இல்லாதது அவருடைய ஆசிரியத் திறமைக்குச் சான்று என்று நினைக்கிறேன்.

இளையர்களாகிய நம்மில் பெரும்பாலோர் ஆய்வாளர்களாகப் போவதில்லை. ஆனால் தாதியராக, ஆசிரியர்களாக, சமூக ஊழியர்களாக, செய்தியாளர்களாக, நிறுவனங்களில் வாடிக்கையாளர்களின் குறைகளைக் கேட்பவர்களாக நம்மில் பலர் இருப்போம். அப்போதெல்லாம் யாராவது நம்மிடம் ஒன்றைச் சொல்வார்கள். அதைக் கேட்டவுடன் ஒரு பெயர் வைத்து ஒதுக்கிவிடும் அவசரம் நமக்கு வரும்.

அடுத்த முறை ஒரு திட்டப்பணிக்காகப் பேட்டி எடுத்தால், முதல் பேட்டியை முடித்த வாரமே அதில் ஒரு பக்கத்தை அச்சிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாவது பேட்டிவரை காத்திருக்க வேண்டாம். இரண்டு மூன்று நண்பர்களை அழையுங்கள்; வேறு பாடம் படிப்பவர் ஒருவராவது இருக்கட்டும். பேசியவரின் பெயரையும் அடையாளத்தையும் முதலில் நீக்கிவிடுங்கள். பேட்டியைக் குழுவில் படிக்க அவருடைய சம்மதமும் இருக்க வேண்டும். பிறகு முதல் வரியிலிருந்து தொடங்கி, இங்கே என்ன நடக்கிறது என்று ஒருவரையொருவர் கேளுங்கள். நம்மை நம்பிப் பேசியவருக்கு நாம் திருப்பித் தரக்கூடியது, அவர் சொன்னதைக் கவனமாகப் படிப்பதுதான். அதைக் கற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு ஸ்ட்ராஸின் மாணவர்கள் சாட்சி.